வரவேற்பில் ஒலித்த சாவுத் தப்பு

சுதர்சினி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பிறந்தவள். கண்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கிட்டாரோடு தப்புப் பறையையும் சேர்த்து, அரைமணி நேரம் நீளும் ப்ரோக்ரெசிவ் ரொக் பாட்டுகளை இசைக்கலைஞன் அஜந்தன் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அவனுடைய ரசிகை.

“ஒங்கட ஆளுட பாட்டு முடியிறதுக்குள்ள நான் கம்பளைக்குப் போய்ட்டு வந்திருவன்,” என்பாள் கூட வேலை செய்யும் றம்லத்.

“போயிட்டு வா. அப்பவும் தாளம் மாறிக்கிட்டுத்தான் இருக்கும்.”

இந்தப் பற்றுக்குக் காரணம் அவனுடைய முதல் பாட்டு. ஒரு மழையில் லயச் சுவர் இடிந்து சுதர்சினியின் அம்மா செத்துப்போனார். சுவர் வெடித்திருப்பதைத் தோட்ட நிர்வாகத்திடம் முன்பே சொல்லியிருந்தார்கள். யாரும் வந்து பார்க்கவில்லை. பிறகு விதி என்றார்கள். விதி சுவர் கட்டுவதில்லை, கம்பனி கட்டுகிறது. அஜந்தன் லயத்துக்கே வந்து, அவள் அப்பா கறுப்பையா அடித்த சாவுத் தப்பைப் பதிவுசெய்து, அதன்மேல் பாட்டைக் கட்டினான். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். அம்மாவின் பெயரை மட்டும் சொல்வான்: சுப்பம்மா. அந்தப் பெயரைப் பத்திரிகைகள்கூடப் போடவில்லை.

பிறகு அவன் மாறினான். கிட்டாரை விட்டுக் கணினிக்குப் போனான். சொற்களைக் குறைத்தான். கொழும்பில் குடியேறினான். பழைய ரசிகர்கள் முணுமுணுத்தபோதெல்லாம் சுதர்சினி அவனுக்காகச் சண்டைக்கு நின்றாள். ஒரு கலைஞன் சாகும்வரை ஒரே மாவையா அரைப்பான்? அவள் கேட்டது நியாயம்தான்.

சென்ற மாதம் அந்தத் தோட்டத்தை நடத்தும் தேயிலைக் கம்பனி கண்டியில் ஆண்டுவிழா வைத்தது. இசை அஜந்தன்.

“ஒங்கம்மா பாட்டத்தான் வாசிக்கப் போறேன் அக்கா. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க,” என்று அவனே போனில் சொன்னான்.

முதலாளிகளின் முகத்துக்கு நேரே அம்மாவின் பெயர் ஒலிக்கப்போகிறது! அதைக் கேட்கத்தான் அப்பாவும் மகளும் போனார்கள்.

சுபநேரம் பார்த்து விருந்தினர்கள் நுழையத் தொடங்கினார்கள். வாசலில் தோட்டத்துப் பெண்களுக்குப் பட்டுச்சேலை கட்டி, முதுகில் கொழுந்துக்கூடை மாட்டி, சிரிக்கச் சொல்லி நிறுத்தியிருந்தார்கள். பாட்டு தொடங்கியது. மேலே இனிப்பான புல்லாங்குழல். அடியில் கறுப்பையாவின் அதே தப்பு. வாத்தியம் நிற்க வேண்டிய இடம் வந்தது. நிற்கவில்லை. பெயரும் இல்லை.

மலையில் சாவுத் தப்பு கேட்டால் கொழுந்துக்காரிகள் கூடையை இறக்கிவிடுவார்கள். செத்தது யாரென்று தெரியாமல் மறுபடி தூக்கமாட்டார்கள். பட்டுச்சேலைக்காரிகளின் கை தானாகவே கூடைக்குப் போனது. கூடைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன.

“யாரு தம்பி செத்தது?” என்று ஒருத்தி மேடையைப் பார்த்துக் கேட்டாள்.

மைக் அஜந்தனின் வாயருகே இருந்தது. இப்போதாவது பெயரைச் சொல்வான் என்று சுதர்சினி காத்திருந்தாள்.

“யாரும் இல்லக்கா. சும்மா பாட்டு. கூடையைத் தூக்குங்க.”

கறுப்பையா தலையைக் குனிந்துகொண்டார். சுதர்சினி எழுந்தாள்.

“சுப்பம்மா!” என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. “எங்கம்மா. இவங்க கட்டின சுவருதான் விழுந்துச்சு.”

அஜந்தன் அவள் பக்கம் திரும்பவில்லை. ஒலியைக் கூட்டினான். கூடைகள் தரையிலேயே இருந்தன. விருந்தினர்கள் அவற்றைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது.