நேர்கோட்டின் வெட்டு மேசை

பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டும் அவருக்கு எல்லோரும் வைத்த பட்டப்பெயர் நேர்கோடு. அளவுகோலைத் தொடாமல் பிளாஸ்டிக் தகட்டில் ரம்பத்தை ஓட்டுவார், வெட்டு நூல் பிடித்த மாதிரி வரும். அந்தக் கைதான் நடுங்க ஆரம்பித்துவிட்டது. இனி கூடுமே தவிரக் குறையாது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதனால்தான் வீட்டு முன்னறையில் அந்த மேசையைக் கட்டினார். கம்ப்யூட்டர் சொன்னபடி மோட்டார் சுற்றும், மோட்டார் பெல்ட்டை இழுக்கும், பெல்ட் கட்டரை இழுக்கும். மனிதக் கைக்கு அதில் வேலையே இல்லை. பெயர்ப்பலகைக்கடை முதலாளியும், "மெஷின் வெட்டு சுத்தமா இருந்தா வேலை உனக்கு, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார்.

மோட்டார் விற்கும் மைத்துனன் தலைபாடாக அடித்துக்கொண்டான். "மாமா, மோட்டார் சின்னதே போதும். பெல்ட்டை மட்டும் அகலமாப் போடுங்க."

"போடா மாப்ள, பலம் இல்லாததோட கஷ்டம் உனக்கென்ன தெரியும்?"

ஒவ்வொரு மோட்டாரின் தண்டையும் விரலால் திருகிப் பார்த்து, அசையவே அசையாத குண்டு மோட்டார்களாகப் பொறுக்கினார். கையிருப்பு அதிலேயே கரைந்தது. பெல்ட் மெல்லியதுதான் கிடைத்தது. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை. சொன்னால் கேட்கிற மனுஷனா அவர்!

முதல் எழுத்தை வெட்டியது மேசை. நேராகப் போகும்வரை குறையில்லை. மூலை திரும்பியதும் கட்டரோடு சேர்ந்து நகரும் குண்டு மோட்டாரின் கனத்தை அந்தப் பெல்ட்டால் பிடித்து நிறுத்த முடியவில்லை. இலாஸ்டிக் மாதிரி இழுபட்டுத் துள்ளியது. விளிம்பெல்லாம் அலை அலையாக நெளிந்திருந்தது. டம்ளரைத் தூக்கும்போது தண்ணீரில் அவர் தினமும் பார்க்கிற அதே நடுக்கம். பெல்ட்டை இறுக்கினார், வேகத்தைக் குறைத்தார். நடுக்கம் போகவில்லை.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் முதலாளி வந்தார். எழுத்தை எடுத்து விளிம்பைத் தடவினார்.

"ஏம்பா, மெஷின்ல வெட்டித் தரேன்னுட்டு கையால வெட்டிவச்சிருக்கியே? அதுவும் இப்படியா? கை நடுங்குதா உனக்கு?"

மெஷின்தான் வெட்டியது என்றால் மெஷின் போச்சு. கைதான் என்றால் கை போச்சு. பாவி மனுஷன் எதைச் சொல்வார்? வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"மெஷின் வெட்டினதுதாங்க. பெல்ட்டை மாத்தினா சரியாயிடும்," என்றாள் மனைவி அவசரமாக.

முதலாளி மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. "கையை நீட்டுப்பா, பாப்போம்."

நீட்டினார். விரல்கள் ஆடின. இடது கையால் பிடித்தும் அடங்கவில்லை.

முதலாளி எழுத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார். "உடம்பைப் பாத்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.