சாயம் என்று நினைத்த சிவப்பு

முதலில் வந்த ரத்தத்தை ரத்தம் என்றே நான் நினைக்கவில்லை.

விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குச் சிவப்புத் தாள் சுற்றும் வேலை எனக்கு. மெல்லிய தாள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கித்தான் பிரிப்போம். சாயம் நாக்கில் ஏறிவிடும்; எங்கள் கொட்டகையில் எந்தப் பெண் துப்பினாலும் சிவப்பாகத்தான் இருக்கும். ஆகவே இருமலோடு சிவப்பு வந்தபோது பக்கத்தில் இருந்த மாரியம்மாளும் நானும் சிரித்தோம். "தாளு அம்புட்டையும் நீயே தின்னுட்டியா?" என்றாள் அவள்.

வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாய் கொப்பளித்த பிறகும் சிவப்பு வந்தது. அப்போதுதான் அது தாளின் சிவப்பு இல்லை என்று தெரிந்தது.

விருதுநகரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே (நெஞ்சுக்குள் இருப்பதைக் காட்டும் நிழற்படம்) எடுத்தார். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் மட்டும் பேசினார். வெளியே வந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சளிக்கட்டுதான். ஊசி போட்டாச் சரியாயிரும்" என்றார்.

சளிக்கட்டுக்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

அன்றிலிருந்து எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். முட்டையே வாங்கி வராத மனிதர் தினமும் முட்டை வாங்கி வந்தார். எனக்குப் புத்தி வேறு பக்கம் ஓடியது. அவருக்குக் கல்யாணமாகாத அத்தை மகள் ஒருத்தி இருந்தாள். அவளைக் கட்டத்தான் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குகிறார் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டாத நாளில்லை.

பிள்ளையை மட்டும் அவர் என்னிடமிருந்து பிரிக்கவில்லை. பால்குடி மறக்காத பெண் குழந்தை. என் மடியிலேயே கிடந்தாள். அவள் முகத்துக்கு நேராகத்தான் நான் இருமினேன்.

ஊசிக்கு அதே டாக்டரின் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசையில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டாள்: "ஏத்தா, ஒனக்கு எந்தப் பக்கத்து நெஞ்சுல நோய்?"

"எனக்குச் சளிக்கட்டும்மா."

"இங்கன எங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்காக" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன.

நான் வரிசையை விட்டு எழுந்து நேராக டாக்டர் முன் போய் நின்றேன். "எனக்கு என்ன நோயின்னு எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். "காசநோய். நுரையீரலை அரிக்கும் கிருமி நோய். பேரைக் கேட்டால் மனசு விட்டுவிடுவாய் என்று உன் புருஷன் கெஞ்சினார். உன் நன்மைக்காகத்தான்."

"பால்குடிப் பிள்ளை இருக்குன்னு அவுக சொன்னாகளா? நீங்களாவது கேட்டீகளா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் கேட்டிருக்கவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் அழுதார். "எங்க அக்கா இந்தப் பேரைக் கேட்ட அன்னைக்கே சாப்பாட்ட விட்டுட்டா. பிள்ளையப் பிரிச்சா ஒனக்குத் தெரிஞ்சிருமேன்னுதான் விட்டு வச்சேன்."

அவருடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காக என் குழந்தையை என் இருமலுக்கு முன்னால் விட்டிருந்தார். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குழந்தையைப் பார்த்த டாக்டர் "ஒன்றுமில்லை" என்றார். எனக்கும் அப்படித்தானே சொன்னார்கள்? எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் கையில் ஒரு சோதனை ஊசி போட்டு, மூன்றாம் நாள் அந்த இடம் தடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்; தடித்தால் கிருமி தொற்றியிருக்கிறது என்றார். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு நானே தடவிப் பார்த்தேன். தடிப்பு இல்லை. என் விரலைத்தான் நம்பினேன். பிறகு அவளை என் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். பால் கட்டி மார்பு வலித்தது.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், அவருக்குத் தெரியக்கூடாது என்று முடிவு செய்யும் முன், அவர் மடியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பல மாதம் கழித்து நோய் ஆறியது. குழந்தை திரும்பி வந்தபோது என்னைக் கண்டு அழுதாள். அவள் நடக்கப் பழகியதை நான் பார்க்கவில்லை. மறுபடி வேலைக்குப் போய், எனக்குப் பச்சைத் தாள் வேண்டும் என்று கேட்டேன்.

"செவப்பக் கண்டா பயமா?" என்றார் மேஸ்திரி.

"பயமில்ல. வாயில செவப்பு தெரிஞ்சா, அது தாளோடதா என்னோடதான்னு நான் யாரையும் கேக்கக் கூடாது."

இப்போதும் காலையில் எழுந்ததும் முதலில் துப்பிப் பார்க்கிறேன். வெள்ளையாக இருந்தால், அந்த ஒரு நாளை நம்புகிறேன்.