காணவில்லை பக்கம்

வங்காளத்துப் பாலிகஞ்சில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்திலிருந்துதான் எங்கள் வானியல் ஆய்விதழ் வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்து இதழ். அதற்கு நான் ஆசிரியை. கனமான கட்டுரைகள் முடிந்ததும் பின்பக்கங்களில் சின்னச் சின்னக் குறிப்புகள் போடுவோம். வெடித்துப் பிரகாசிக்கும் என்று எல்லோரும் காத்திருக்கும் நட்சத்திரத்தை இன்ன நேரத்தில் பார்த்தோம், வெடிக்கவில்லை. வந்துவிட்டதாகச் சொன்ன வால்நட்சத்திரத்தைத் தேடினோம், காணவில்லை. அவ்வளவுதான் குறிப்பு. பேராசிரியர் அனுப்பினாலும் சாந்த்ராகாச்சி ரயில்வே ஊழியர் அனுப்பினாலும், நேரமும் வானநிலையும் ஒழுங்காக எழுதியிருந்தால் அச்சேறும். ‘காணவில்லை பக்கம்’ என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் இதழை எடுத்து நடத்த முன்வந்தது. பேச வந்த பிள்ளை சென்னைக்காரன். தமிழில் பேசினால் கிழவி இளகிவிடுவாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அடடா, என்ன கரிசனம்!

“மேடம், எல்லாம் அப்படியே இருக்கும். அந்தக் காணவில்லை பக்கத்தை மட்டும் தூக்கிடலாம். அதை யாரும் மேற்கோள் காட்டறதில்ல, சைட்டேஷனே வர்றதில்ல. ஜர்னலோட ரேங்க்கை அதுதான் இழுத்து கீழ தள்ளுது.”

“ஏம்பா, நீ எப்பவாவது டெலஸ்கோப்ல கண்ணை வச்சிருக்கியா?”

“இல்ல மேடம். நான் எம்.பி.ஏ.”

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்ட வந்துவிட்டான். எனக்கு வந்த கோபத்தில் டீயைத் தள்ளி வைத்தேன்.

“ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்குன்னு இன்னைக்கு ஒருத்தன் சொல்றான். எப்ப வெடிச்சுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பே? நேத்து பார்த்துட்டு ‘இன்னும் இல்லை’ன்னு சொன்னவன் ஒருத்தன் வேணும். அவனைத் தூக்கிட்டா உன் கட்டுரை எதுமேல நிக்கும்?”

“ஆன்ட்டி, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா சிஸ்டம் ஏத்துக்காது.”

மேடம் அதற்குள் ஆன்ட்டி ஆகியிருந்தாள்.

இதழை நடத்திவந்த எங்கள் சங்கத்தின் தலைவருக்கும் எனக்கும் முப்பது வருஷப் பழக்கம். பெஹாலாக்காரர், நல்ல மனிதர். அவருக்கு நான் தீதி, அதாவது அக்கா; எனக்கு அவர் தாதா, அண்ணன். அவர் என்னைத் தனியே அழைத்து வங்க மொழியில் கெஞ்சினார். “தீதி, ரேங்க் இல்லாத இதழுக்குச் சின்னப் பசங்க கட்டுரை அனுப்பறதில்ல. அனுப்பினா அவங்களுக்கு வேலை கிடைக்காது. இப்படியே போனா இதழ் செத்துடும்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

“செத்தா நம்ம இதழாவே சாகட்டும் தாதா. அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கிட்டு நடமாட வேண்டாம்” என்றேன்.

சங்கக் கமிட்டி கூடியது. எதிர்த்துத் தூக்கியது என் கை ஒன்றுதான். தலைவர் என் முகத்தைப் பார்க்காமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நான் என் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அழவில்லை. அழுதிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வசதியாகப் போயிருக்கும்.

மறுவாரமே ஆரம்பித்தேன். இதழைத்தானே எழுதிக் கொடுத்தார்கள், என்னையுமா? குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, ஸ்டேப்ளர் போட்டு, நானே தபாலில் சேர்த்தேன். கட்டுரை கிடையாது, ரேங்க் கிடையாது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் காணவில்லை, காணவில்லை, காணவில்லை. பழைய சகாக்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டுமே! என் வீட்டுக்காரர்கூட, “இல்லாததைப் போடறதுக்கு ஒரு பத்திரிகையா?” என்று கேலி செய்தார். கேட்டுக்கொண்டே தபால்தலை ஒட்டிக் கொடுத்தார்.

பூஜை விடுமுறை முடிந்து ஒரு நாள் காலையில் தலைவர் போன் செய்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

“என்ன விஷயம்?” என்றேன் வெடுக்கென்று.

“தீதி, நேத்து மாடியிலேர்ந்து பார்த்தேன். வானம் சுத்தமா இருந்துச்சு. எல்லாரும் காத்திருக்கிற அந்த நட்சத்திரம் இன்னும் வெடிக்கல.”

“நல்லது. உங்க இதழுக்கு அனுப்புங்க.”

“அனுப்பினேன். ஆய்வு முடிவு எதுவும் இல்லைன்னு அந்தப் பதிப்பகத்துக் கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிடுச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீங்க போடுவீங்களா?”

எத்தனையோ சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“எத்தனை மணிக்குப் பார்த்தீங்க? சொல்லுங்க தாதா, எழுதிக்கறேன்” என்றேன்.