வருகைப் பதிவேட்டில் அன்புச்செல்வி இல்லை

மில்லில் டைம் ஆபீஸ் என்று ஒன்று உண்டு. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று குறித்து வைக்கிற இடம். அங்கே இருபத்தேழு வருஷம் குப்பை கொட்டியவன் நான். கையெழுத்து இருந்தால் ஆள் வந்திருக்கிறான், இல்லையென்றால் வரவில்லை. ஒரு மனிதனைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்றுதான் ஓய்வு பெற்ற பிறகும் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவள் அன்புச்செல்வி.

கோவை ஆர்.எஸ்.புரத்தில் நகைக் கடைகளுக்குப் பின்னால் உள்ள தெருவில் எங்கள் கிளை நூலகம் இருக்கிறது. கீழே பத்திரிகை மேசை, அதை ஒட்டிப் பெண்கள் படிக்கும் அறை, மாடியில் புத்தகங்கள். மழை வந்தால் மாடியில் நான்கு பக்கெட் வைக்க வேண்டும். நான் சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி தினமும் வந்துவிடுவேன். பதிவேட்டில் பெயர், ஊர், போன் நம்பர், நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பத்திரிகையைத் தொடுவேன். சிங்காநல்லூரில் பத்திரிகை கிடைக்காதா என்று என் மனைவி கேட்பாள். பத்திரிகை கிடைக்கும், சண்டை போட சுந்தரராஜுலு கிடைக்க மாட்டார். அவர் வீடு நூலகத்திலிருந்து மூன்றாவது தெரு. மனிதர் வீட்டிலேயே நான்கு பத்திரிகை வாங்குகிறார், அப்படியும் என்னோடு வாதாட வந்துவிடுவார்.

அன்புச்செல்வி எங்களுக்கு முன்பே வந்திருப்பாள். முப்பத்து மூன்று வயது. பெற்றோர் காங்கேயத்தில் தேங்காய்க் களத்தில் கொப்பரை காய வைக்கிற வேலை பார்த்தவர்கள். இவள் பன்னிரண்டாவது முடித்து, தபால் வழியில் பட்டம் வாங்கி, கல்யாணம் ஆகி வடவள்ளிக்கு வந்தாள். கணவன் தமிழ்வேந்தன் மோட்டார் பம்ப் பட்டறையில் வேலை செய்கிறான். ஒரு பெண் குழந்தை. இவளுக்குப் பக்கத்துத் தெருப் பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. கடை பத்து மணிக்கு. நூலகம் எட்டு மணிக்குத் திறக்கும். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மணி நேரம்தான் அரசு வேலைத் தேர்வுக்கு அவள் படிக்கிற நேரம். வீட்டில் இருப்பது ஒரே அறை. அதில் டிவியும் இருக்கிறது.

அவள் படிக்கிற விதமே தனி. அரசியலமைப்புச் சட்டத்தின் பிரிவுகளைக் கடையின் சேலை ரேக்குகளோடு சேர்த்து மனதில் அடுக்கி வைத்திருந்தாள்.

"பதினேழாவது பிரிவு தீண்டாமை ஒழிப்புங்ணா. கடையில பதினேழாவது ரேக்குல சாஃப்ட் சில்க் இருக்குது. செத்தாலும் மறக்காதுங்க" என்பாள்.

எனக்கு அறுபத்து நான்கு வயது. தலைக்குச் சாயம் அடிப்பதால் அவளுக்கு நான் அண்ணன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். பிடிக்காத விஷயமும் ஒன்று இருந்தது. பதிவேட்டில் அவள் கையெழுத்தே போட மாட்டாள். தினமும் சொல்வேன். "மறந்துபோட்டனுங்ணா" என்று சிரித்துக்கொண்டே அறைக்குள் போய்விடுவாள். அந்த அறைக்கு வருகிற மற்ற பெண்களும் அப்படியே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மில்லாக இருந்தால் அத்தனை பேருக்கும் அன்றைய சம்பளம் போயிருக்கும்.

மூன்று முறை தேர்வு எழுதினாள். மூன்றாவது முறை இரண்டே கேள்வியில் தவறியது. நான்காவதுதான் கடைசி என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். கடையில் அவளை சூப்பர்வைசர் ஆக்கக் காத்திருந்தார்கள். சூப்பர்வைசர் எட்டரைக்கே கடையில் இருக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால் படிப்பு அத்தோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தை என்ன செய்வது என்ற பேச்சு கிளம்பியது. இரண்டு யோசனைகள். ஒன்று, சிங்காநல்லூரில் புதுக் கட்டடம் கட்டி அங்கே கொண்டுபோவது. அது முடிய இரண்டு வருஷம், அதுவரை இங்கே இப்படியே ஓடும். மற்றொன்று, இந்தக் கட்டடத்தையே பழுது பார்ப்பது. உடனே பூட்டிவிடுவார்கள், திறக்கப் பத்து மாதம்.

பத்திரிகை மேசை இரண்டாகப் பிளந்தது. நகரம் கிழக்கே வளர்ந்துவிட்டது, நூலகமும் கூடவே போக வேண்டும் என்று நான் பேசினேன். பழைய இடத்துக்கு ஒரு மரியாதை உண்டு என்று சுந்தரராஜுலு பேசினார். இரண்டு பேரும் ஊர் நன்மைக்காகத்தான் பேசினோம். யார் வீடு எங்கே இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சொன்னோம்.

ஆள் சேர்க்க அன்புச்செல்வியிடம் போனேன்.

"அம்மணி, பரீட்சைக்கு எத்தனை மாசம் இருக்குது?"

"அஞ்சு மாசமுங்ணா."

"சிங்காநல்லூருன்னு முடிவானா ரெண்டு வருசம் இங்கயே ஒக்காந்து படிக்கலாம். இங்கயே ரிப்பேருன்னா அடுத்த மாசம் பூட்டிப்போடுவாங்க. நீ எங்க போயிப் படிப்பே? கருத்துக் கேக்கக் கூட்டம் போடப்போறாங்க, அதுல நீ எதுவும் பேசாம இருந்தாலே போதும், உன்ற எடம் உனக்கு."

அவள் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். "நெசந்தானுங்ணா" என்றாள். ஒரு ஓட்டு நமக்கு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலகத்திலேயே நடந்தது. நூலகத் துறையிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர், ஆனால் காகிதத்தை நம்புகிறவர். எனக்கு உடனே பிடித்துவிட்டது. பதிவேட்டிலிருந்து எடுத்த விவரத்தைப் படித்தார்.

"சராசரியா ஒரு நாளைக்குப் பத்தொன்பது வாசகர்கள். எல்லாரும் ஆண்கள். பெண்கள் யாரும் வர்றதில்லை. இவ்வளவு குறைவான ஆளுக்கு இந்தக் கட்டடத்துல செலவு பண்ணச் சொல்லி நான் எழுத முடியாது. சிங்காநல்லூர்தான் சரின்னு படுது. அங்கே பெண்களுக்குன்னு தனி அறை வரைபடத்துல இல்லை. வராதவங்களுக்கு எதுக்கு அறை?"

நூலகர் தாஜுன்னிசா எழுந்தார். "சார், பதிவேட்டுல வராதவங்க நிறையப் பேர் இருக்காங்க."

"பதிவேடு உங்க பொறுப்புதானே மேடம்?" என்று அதிகாரி கேட்டார். தாஜுன்னிசா முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் அறை வாசலில் கும்பலாக நின்ற பெண்கள் எல்லோரும் அன்புச்செல்வியைத்தான் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்து, சும்மா இரு என்று கண்ணைக் காட்டினேன். ஹர்ஷிணி என்று ஒரு பெண், கல்லூரி முடித்து அந்த மாதம்தான் வந்து சேர்ந்தவள், "அக்கா, அப்ப நாங்கெல்லாம் எங்கீங்க்கா ஒக்கார்றது?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது.

அன்புச்செல்வி முன்னால் வந்தாள்.

"மேடம் மேல தப்பில்லீங்க சார். தப்பு என்னுதுங்க. நோட்டுல பேர் எழுத வேண்டாம்னு இவங்க எல்லாத்துக்கும் சொன்னது நானுங்க."

"ஏன்மா?"

"நாலு வருசத்துக்கு முன்னால நானும் எழுதிட்டுத்தானுங்க இருந்தேன். நோட்டப் பாத்து யாரோ என்ற நம்பர எடுத்துப்போட்டாங்க. மொதல்ல போன்ல குட்மார்னிங்னு ரோஜாப்பூப் படம் வந்துச்சுங்க. அப்புறம் இன்னிக்குப் பச்சைச் சேலை எடுப்பா இருக்குதுன்னு வந்துச்சுங்க. ஊட்டுல தெரிஞ்சா படிக்கவே போக வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்கன்னு பயந்து நம்பரையே மாத்திட்டேன். அதுக்கப்புறம் புதுசா எந்தப் புள்ள வந்தாலும், கண்ணு, அந்த நோட்டுப் பக்கமே போகாதேன்னு சொல்லிருவனுங்க."

பத்திரிகை மேசைக்காரர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று எழுந்து சொல்லவா முடியும்? தினமும் கையெழுத்துப் போடச் சொல்லி அவளைத் துரத்தியவன் நான்தான்.

"ஏதாவது பொய் நம்பர் எழுதியிருக்கலாமே?" என்று அதிகாரி கேட்டார்.

"அதுவும் யாரோ ஒரு பொம்பளையோட நம்பரா இருந்துபோட்டா என்னங்க பண்றது?"

அதிகாரி கையிலிருந்த விவரத் தாளை மடித்தார். பிறகு, "நீங்க சொல்றதை நம்பறேன்மா. ஆனா மேலே எழுதறதுக்கு எனக்கு ஒரு எண்ணிக்கை வேணும். அதுக்கு எங்கே போவேன்?" என்றார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மில்லில் ஒரு முறை வருகைப் பதிவேடே காணாமல் போனபோது, சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற சைக்கிள்களை எண்ணி எத்தனை ஆள் என்று சொன்னவன் நான். எண்ணிக்கைக்கு வழியில்லை என்று ஒருவர் என் முன்னால் சொன்னால் பொறுக்காது.

"வாசல்ல கெடக்கற செருப்ப எண்ணுங்க சார்" என்று கத்தினேன்.

எங்கள் நூலகத்தில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அதிகாரி படிக்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். குனிந்து இரண்டு முறை எண்ணினோம். பெண்கள் செருப்பு மட்டும் நாற்பத்து மூன்று ஜோடி. ஒன்று தாஜுன்னிசாவுடையது, அதைக் கழித்து நாற்பத்திரண்டு. என் கட்சிக்கு நானே வேட்டு வைத்த சங்கதி திரும்பி வரும்போதுதான் உறைத்தது. சுந்தரராஜுலு வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கூட்டம்னு இன்னிக்கு வந்திருக்கலாம். சொல்லாம வந்து இன்னும் ரெண்டு நாள் எண்ணுவேன். இதே மாதிரி இருந்தா இங்கேயே பழுது பார்க்கத்தான் எழுதணும்" என்றார் அதிகாரி. பிறகு அன்புச்செல்வியைப் பார்த்தார். "ஆனா பத்து மாசம் பூட்டிடுவோம். உங்களுக்குப் பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அறை வாசலில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"பூட்டுங்க சார். பத்து மாசம்னா பத்து மாசத்துல தொறக்கோணுங்க" என்றாள். மணி ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது. பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

அதிகாரி சொன்னபடி இரண்டு நாள் சொல்லாமல் வந்து எண்ணினார். எண்ணிக்கை குறையவில்லை. அடுத்த மாதம் பூட்டிவிட்டார்கள்.

பத்திரிகை மேசைக்காரர்களுக்கு என்ன கேடு, ஒரு டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டோம். அன்புச்செல்வி பஸ்ஸில் படித்தாள். கடையின் கீழ்த்தளத்தில் சேலைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுப் படித்தாள். அங்கே போய் உட்கார்ந்தால் யாராவது வந்து, அந்த மாம்பழக் கலரை எடுத்துக் கொடு என்பார்களாம். தேர்வு நடந்தது. முடிவு வந்த சமயம் நான் மனைவிக்குச் சேலை எடுக்க அந்தக் கடைக்குப் போயிருந்தேன். பதினைந்தாவது சேலையை விரிக்கும்போது அன்புச்செல்வி சொன்னாள்.

"மூணு கேள்வியில போச்சுங்ணா."

கண்ணில் தண்ணீர் நின்றது. பட்டில் விழுந்துவிடக் கூடாதென்று முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. "செருப்ப எண்ணச் சொல்லி நாந்தான் கெடுத்துப்போட்டேன் அம்மணி" என்றேன்.

"நீங்க சொல்லாட்டி நான் தண்ணி பாட்டில எண்ணச் சொல்லியிருப்பனுங்க. வருத்தந்தானுங்க, இல்லீன்னு சொன்னா பொய்யி. அதுக்காக அந்தப் புள்ளைகளப் பாத்துட்டு வாய மூடிட்டு நிக்க முடியுமுங்களா?" என்றாள். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "அக்கா, இந்தப் பார்டர் உங்களுக்கு நல்லா எடுக்குமுங்க" என்றாள்.

பத்து மாதம் பதின்மூன்று மாதமானது. எப்போது திறப்பார்கள் என்று தாஜுன்னிசாவை வாரம் தவறாமல் போனில் பிடித்துக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அன்புச்செல்வி. மற்றவர் யாரென்று நான் சொல்லப்போவதில்லை, சுந்தரராஜுலு படித்தால் கேலி செய்வார்.

திறந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விட்டேன். புதுப் பதிவேட்டில் போன் நம்பருக்குக் கட்டம் இல்லை. எட்டேகாலுக்குத் தமிழ்வேந்தன் பைக்கில் அன்புச்செல்வியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

"என்ன அம்மணி, கடைசித் தடவைன்னாங்க?"

"இன்னொரு வருசம் வேணும்னு கேக்கலாம்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தனுங்ணா. காலைல அவரே, நேரமாச்சு வண்டியில ஏறுன்னுபோட்டாருங்க. கடையில சூப்பர்வைசர் வேலைய வேண்டாம்னு சொல்லியாச்சு."

சிரித்துக்கொண்டே பெண்கள் அறைக்குப் போனாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்பது நாற்காலியும் நிறைந்திருந்தது. ஜன்னல் பக்கம் நான்கு பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவளைத் தெரியாத ஒரு புதுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"எடமில்லீங்க்கா. ஏழரைக்கே வந்து வரிசையில நிக்கோணுங்க."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். எனக்குத்தான் வந்தது. இந்த அக்கா யாரென்று தெரியுமா என்று கேட்க எழுந்துவிட்டேன். அன்புச்செல்வி வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அறையை மறுபடியும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு நேராகப் பத்திரிகை மேசைக்கு வந்தாள்.

"ஏனுங்ணா, இங்க ஒக்காரலாமுங்களா?"

அந்த மேசையில் அதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சுந்தரராஜுலு தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டார். அவள் புத்தகத்தைப் பிரித்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எட்டரைக்கு இன்னொரு பெண் வந்தாள். அறையை எட்டிப் பார்த்தாள், எங்கள் மேசையைப் பார்த்தாள், தயங்கினாள். அன்புச்செல்வி படித்துக்கொண்டே அடுத்த நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒன்பது மணிக்கு நானும் சுந்தரராஜுலுவும் நின்றுகொண்டுதான் பத்திரிகை படித்தோம்.