வெள்ளிதோறும் மாறிய எண்

வண்டியூர் வீட்டில் அம்மா தனியாக இருப்பது சென்னையிலிருக்கும் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது, என்னோடு கூட்டிவந்துவிடுகிறேன் என்றான். அம்மாவுக்கோ ஊரை விட்டு அசைய மனமில்லை. "கேமரா மாட்டுறேன், ஒரு மாசம் பொறுண்ணே" என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கிடைத்தது பழைய கேமரா. வீட்டு இணைய இணைப்புக்கு உரிய ஐபி எண்ணைப் போனில் அடித்தால் படம் வரும். பழங்காநத்தத்தில் நான் வேலை பார்க்கும் இடத்திலிருந்து நானும், சென்னையிலிருந்து அண்ணனும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை படம் போய்விட்டது. சாயங்காலம் அம்மா வீட்டுக்கு ஓடிப் பார்த்தால், எண் மாறியிருந்தது. அடுத்த வெள்ளியும் அதே கதை.

"இம்புட்டுத்தான் உன் கேமராவா? அம்மாவுக்கு டிக்கெட் போடப்போறேன்" என்றான் அண்ணன்.

இணைப்புக் கொடுத்தவரைப் போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "ரூட்டரை அணைச்சுப் போட்டா நம்பர் மாறத்தான் செய்யும்க்கா. உங்க வீட்ல யாரு அணைக்கிறது?"

அம்மாவிடம் கேட்டேன். "வெள்ளிக்கெழம வீடு கழுவணும்ல. வயரையெல்லாம் புடுங்கிட்டுத்தான் தண்ணி ஊத்துவேன். கரண்டு அடிச்சா நீயா வருவ?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்கென்றே சொன்னது. வெள்ளிக்கிழமை வீடு கழுவாதே என்று அம்மாவிடம் சொல்லும் தைரியமும் எனக்கில்லை. இணைப்புக்காரரிடமே மன்னிப்புக் கேட்டு, வழியும் கேட்டேன். டைனமிக் டிஎன்எஸ் என்று இணையத்தில் ஒரு சேவை இருக்கிறது என்றார். வீட்டுக்கு ஒரு பெயர் பதிந்துவிட வேண்டும். எண் மாறும்போதெல்லாம் ரூட்டரே புது எண்ணை அந்தச் சேவைக்குச் சொல்லிவிடும். நாம் பெயரை மட்டும் அடித்தால் போதும். இரண்டு நாள் மல்லுக்கட்டி, அதற்கு மேல் யார் தயவும் இல்லாமல் நானே அமைத்தேன்.

மாதத்தின் கடைசி வெள்ளி காலை. அண்ணனைப் போனில் வைத்துக்கொண்டே பெயரை அடிக்கச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை. அம்மா இன்னும் வயரை மாட்டியிருக்க மாட்டாள் என்று தெரிந்தும், "மறுபடி அடிண்ணே" என்றேன்.

"நான்தான் சொன்னேன்ல" என்று அவன் ஆரம்பித்தபோதே படம் விரிந்தது. புது எண், அதே பெயர். ஜெயித்துவிட்டேன். இருந்த இடத்திலேயே குதிக்கலாம் போல இருந்தது.

ஈரத் தரையில் அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரும்பு பீரோவைத் தனியாளாகச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.



"அந்த பீரோவ என்னாலயே தள்ள முடியாது" என்றான் அண்ணன். "அம்மா அங்கனயே இருக்கட்டும்."