அத்தை கட்டாத ராஜா வேஷம்

பொய் சொல்வதில் ஒன்பது வயதிலேயே நான் கெட்டிக்காரி. ஆடு மேய்க்கப் போன இடத்தில் தூங்கிவிட்டு நரி வந்தது என்று சொன்னால் அம்மாவே நம்புவாள். ஆனால் ஊரே கூடி விசாரித்த பொய் ஒன்றுதான். அதில் அகப்பட்டுக்கொண்டவள் என் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான வருஷமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். அந்தச் சமயம் குளிர்ச்சிக்காகக் கொல்லிமலையில் வந்து தங்கியிருந்த பிரெஞ்சுக்கார அம்மாள் ஒருத்தி, தன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனாள். ஐந்து வருஷம் கழித்து அந்த அம்மாள் கப்பலேறியதும் அத்தை மலைக்குத் திரும்பினாள். கையில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் அம்மாள் கொடுத்த படப் புத்தகம்.

புத்தகம் முழுக்கப் பிரெஞ்சு தேசத்து நாடகக்காரிகள். எங்கள் மலையில் ராணி வேஷத்துக்கும் மீசையை மழித்த ஆண்பிள்ளைதான் வரவேண்டும். அங்கேயோ பெண்வேஷத்தைப் பெண்களே கட்டுவார்களாம். போதாததற்கு ராஜா வேஷத்தையும் விட்டுவைக்க மாட்டார்களாம். நாடகம் எழுதிய பெண்களும் உண்டாம். பெண் எழுதியது என்றால் மதிக்க மாட்டார்கள் என்று ஆம்பிளைப் பேரை வைத்துக்கொண்டு புத்தகம் போட்டவளும் உண்டாம். ஒரு காலத்தில் நாடகக்காரி செத்தால் மாதாகோயில் கல்லறையில் இடம்கூடத் தரமாட்டார்களாம். கிழங்கு பிடுங்கும்போதெல்லாம் அத்தை இதைத்தான் சொல்லுவாள். அங்கேயே அப்படி என்றால் எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு, எங்கள் மலையிலேயே இன்னொரு பக்கம் இருக்கும் திருப்புலி நாட்டிலிருந்து அத்தையைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். தாலியறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வதற்கு எங்களில் தடையில்லை. மாப்பிள்ளை மிளகு விவசாயி, அதிர்ந்து பேசாதவர். அத்தைக்கு அவரைப் பிடித்திருந்தது. ராகி அரைக்கும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்தாள். நோம்பி முடிந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக ஏற்பாடு.

கூத்துக்குக் களம் கட்டிக்கொண்டிருந்த மத்தியானம், நான் வேடிக்கை பார்க்கப் போய் உள்ளே கால் வைத்துவிட்டேன். பொட்டப்பிள்ளை களத்தை மிதிக்கக் கூடாது என்று கூத்து வாத்தியார் விரட்டினார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தை எடுத்துவந்து, ராஜா உடுப்பில் வாளோடு நின்ற ஒருத்தியின் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். இது எங்கள் அத்தை, புதுச்சேரியில் ராஜா வேஷம் கட்டினாள் என்றேன்.

வெள்ளைக்காரி முகம் என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். அரிதாரம் பூசினால் எந்த முகமும் வெளுப்புத்தான். வாத்தியார் படத்தை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, தாடை அவள் தாடையேதான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் சேதி மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போயிற்று. கூத்தாடுகிற ஆணுக்கு மாலை போடுகிற ஊர்தான். கூத்தாடியவளை எப்படிக் கட்டுவது என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள். மறுநாள் காலை கோயில் வாசலில் ஊர் கூடியது. பிள்ளை பொய் சொல்கிறாள் என்றார் அப்பா. ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பா கையிலிருந்த புளியவிளாரைப் பார்த்ததும், நான் சொன்னது நிஜம்தான் என்று சாதித்துவிட்டேன். கவுண்டர் கல்லின்மேல் சூடம் கொளுத்தச் சொன்னார்.

"சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு சாமி. பொய்யா இருந்தா கண்ணு அவிஞ்சு போயிரும், ரோசனை பண்ணிக்க."

சொன்னதிலிருந்து இறங்கிவர எனக்குத் தெரியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். பார்த்தால் அத்தை.

"புள்ளைய உடுங்க. படத்துல இருக்கறது நாந்தானுங்க."

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள்.

பொய்ச் சத்தியம் கண்ணைத் தின்னும் என்று அத்தை சந்தேகமில்லாமல் நம்புகிறவள். என் கண்ணுக்குப் பதிலாகத் தன் கண்ணைக் கொண்டுபோய் வைத்தாள். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய அண்ணன் தோளைப் பிடித்துக் கூட்டிப் போய்விட்டார். ஆக்கி வைத்த சோற்றைத் தொடாமலே மலைப்பாதையில் நடந்தார்கள்.

அத்தையை அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை; அந்த மட்டும் சாமிக்கு நான் கடமைப்பட்டவள். என்னை முள்ளுக்குறிச்சிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி அப்பாவோடு மல்லுக்கு நின்றவளும் அவள்தான். இன்றைக்கு நான் நாலு எழுத்து எழுதுகிறேன் என்றால் அது அத்தை போட்ட பிச்சை. இதை அவள் இருக்கும்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? அத்தை திருப்புலி நாட்டுக்குப் போகப்போவதில்லை, இனி எங்கள் வீட்டிலேயேதான் இருப்பாள் என்பது மட்டும் புரிந்தது. அதைவிட நல்ல சேதி எனக்கு வேறில்லை. சூடம் சுட்ட கை என்றுகூடத் தோன்றாமல் அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.