பிள்ளைக்கென்று சொன்ன வீடு

தன்னுடைய வீட்டைப் பிரிக்க வந்தவர்களுக்கு அக்கா தேநீரும் கடலை வடையும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், நோர்பரிப் பகுதியில் அவருடைய வீட்டின் சின்ன அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அக்கா என்று சொல்லத் தொடங்கி, சில மாதங்களில் வெறும் அக்காவாகிவிட்டார். அப்போது விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. சொத்தை எப்படிப் பிரிப்பது என்பது மட்டும் மிச்சமிருந்தது. சொத்தென்றால் அந்த ஒரு வீடுதான். அன்று வந்திருந்தவர்கள் அவருடைய முன்னாள் கணவரும் கணவரின் தமையனும். அக்காவின் மகள் தமையனைப் பெரியப்பா என்பாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பெரியப்பா கோயிலிலும் குடும்பத்திலும் முன்னுக்கு நிற்கிற ஆள். அவர் ஒன்றைச் சொன்னால் அதற்கு மேல் யாரும் கதைப்பதில்லை. வடையைப் பிய்த்தபடி அவர் விளக்கினார். "வீடு பிள்ளைக்குத்தான். பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு குடுக்கிறது எங்கடை முறைதானே. ஆனால் கோட்டிலை பாதி பாதியெண்டு எழுதுவம். பெண்சாதி வீட்டைப் பிடுங்கிப்போட்டாள் எண்டு சனம் இவனைப் பாத்துச் சிரிக்கக்கூடாது. பிள்ளைக்குப் பதினெட்டு வந்தாப்போலை விக்கிறதெண்டு கட்டளையிலை கிடக்கட்டும். ஒருத்தரும் விக்கப்போறதில்லை. நேரம் வர பிள்ளையின்ரை பேருக்கு மாத்துவம்." முன்னாள் கணவர் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டு வடை வைத்தார்.

எனக்கு ஆங்கிலம் ஓரளவு ஓடுமென்பதால் அக்காவின் வழக்கறிஞரான சொலிசிற்றர் அம்மாவிடம் அவரோடு நான்தான் போவேன். அந்த அம்மா தெளிவாகவே சொன்னார்: பிள்ளை உங்களோடு இருக்கிறது, உங்களுடைய சம்பளம் குறைவு, பாதிக்கு மேல் கேட்கலாம், கிடைக்கவும் இடமிருக்கிறது. அக்கா வேண்டாமென்று தலையாட்டினார். இதைத் தவிர வேறு ஏதாவது பேச்சு உங்களுக்குள் உண்டா என்றும் அந்த அம்மா கேட்டார். அதற்கும் அக்கா இல்லையென்றே சொன்னார். ஏன் மறைத்தீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். "வீட்டுக் கதையை அவவுக்கு ஏன் சொல்லுவான், தங்கச்சி? அண்ணை சொன்னதை எழுதித் தா எண்டு கேட்டா அவரை நம்பேல்லை எண்டெல்லோ வரும்." பெரியப்பாவின் மரியாதை கெட்டுவிடுமாம். வேறு பேச்சு எதுவுமில்லையென்று எழுதியதில் இரண்டு பக்கமும் சம்மதித்துக் கையெழுத்து வைக்க, நீதிமன்றம் அதையே கட்டளையாக்கியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காக அவர் மாடாய் உழைத்தார். விடிய அலுவலகம் துப்புரவாக்குவார், பிறகு பள்ளிக்கூடச் சமையலறை. வீட்டுக் கடனான மோட்கேஜ் முழுவதையும் தனியாகக் கட்டினார். நான் சுவரில் ஒரு படம் கொழுவ ஆணி கேட்டபோது, பிள்ளையிடம் கேட்டுவிட்டு அடி என்றார். அந்தப் பிள்ளைக்கு அப்போது பல்லுக் கம்பி போட்ட வயது. அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

அவளுக்குப் பதினெட்டு வருகிற ஆண்டில், வீட்டை விற்க ஆயத்தமாகும்படி முன்னாள் கணவரின் சொலிசிற்றர் எழுதினார். முன்னாள் கணவருக்கு அதற்குள் வேறு குடும்பம் ஆகியிருந்தது. கட்டளையில் அப்படித்தானே இருக்கிறது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அக்காவுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. பிளேஸ்டோவில் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் பழைய கட்டளையை மாற்றிக் கொடுத்திருந்தது. "அவளுக்கு மாத்தினவங்கள் எனக்கு மாட்டாங்களோ?"

மாற்றமாட்டார்கள் என்பதைச் சொலிசிற்றர் அம்மா விளங்கப்படுத்தினார். பிளேஸ்டோப் பெண்ணுக்கு மாறியது மாதாமாதம் கணவர் கொடுக்கும் செலவுக் காசு. வருமானம் மாறினால் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். சொத்தைப் பிரித்த கட்டளை அப்படியல்ல. அது ஒருதரம் முடிந்தால் முடிந்ததுதான். ஒருவர் சொத்தை ஒளித்திருந்தால், நீதிமன்றத்தை ஏமாற்றியிருந்தால் திறந்து பார்ப்பார்கள். இவரும் ஏமாற்றினவர்தானே என்று அக்கா கேட்டார். அப்படியொரு வாக்குக் கொடுத்தார் என்பதற்கு யார் சாட்சி என்று அவர் திருப்பிக் கேட்டார். சாட்சி நான் இருந்தேன்தான். ஆனால் வாடகைக்கு இருப்பவளின் சொல் தனியே எடுபடாது, வாக்கைச் சொன்ன மனிதரே வந்து சொல்ல வேண்டும் என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து செருப்புப் போடக் குனிந்த பெரியப்பாவின் முன்னால் அக்கா நின்றார். கையெடுத்துக் கும்பிட்டார். சாமிக்கு முன்னால் கும்பிட்டதைவிடக் கீழே குனிந்து கும்பிட்டார். பெரியப்பா பொய் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "நான் சொன்னனான். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தம்பிக்கு எதிரா கோட்டிலை ஏற என்னாலை ஏலாது, பிள்ளை. அது மரியாதையில்லை." அதே மரியாதை. அந்த மனிதரின் விபூதி நெற்றியை இப்போது எங்கே கண்டாலும் நான் மற்றப் பக்கம் போய்விடுவேன்.

இருந்தும் அக்கா வழக்குப் போட்டார். போட வேண்டாம் என்று நானும் சொன்னேன், மகளும் சொன்னாள். விசாரணையில் நீதிபதி பொறுமையாகவே கேட்டார்: இந்த வாக்கை அன்று உங்கள் சொலிசிற்றருக்கு ஏன் சொல்லவில்லை? வேறு பேச்சு இல்லையென்று நீங்களே கையெழுத்து வைத்திருக்கிறீர்களே? மரியாதை கெட்டுவிடும் என்று அக்கா சொன்ன பதிலை மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கிலத்தில் அது ஒரு காரணமாகவே கேட்கவில்லை. மகளின் பரீட்சை முடியும்வரை விற்பனையைத் தள்ளிவைக்கலாம், பங்கில் கைவைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. மாறியது திகதி மட்டும்தான்.

வெளியே நடைபாதையில் அக்கா அந்த மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, நீங்கள் வடிவாச் சொல்லேல்லைப் போலை. உள்ளுக்குப் போய் இன்னொருக்காச் சொல்லுங்கோ. அண்ணை சொன்னவர் எண்டு சொல்லுங்கோ." அந்தப் பெண் இந்தியத் தமிழ். "எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அக்கா கையை விடவில்லை. மகள்தான் வந்து விரல்களைப் பிரித்தாள். "அம்மா, ப்ளீஸ். ஐ டோன்ட் வோன்ட் த ஹவுஸ்" என்றாள். வீடே வேண்டாமென்று ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அக்கா அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

கோடையில் வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்தது நம்முடைய தமிழ்க் குடும்பம் ஒன்று. தாய், தகப்பன், கலியாணம் பேசி முடித்த மகள். ஏஜென்ட் மற்றவர்களை மேலே கூட்டிப்போக, தாய் குசினியில் நின்று அடுப்புக்கு மேலிருந்த அலுமாரிகளைத் திறந்து பார்த்தார். "மகளுக்குச் சீதனமாப் பாக்கிறம்" என்றார். அக்கா அவருக்குக் கிட்டப் போய்க் கேட்டார், "ஆற்றை பேரிலை எழுதப்போறியள்?"

"இப்ப மருமோன்ரை பேரிலைதான். மோட்கேஜ் அவருக்குத்தானே குடுப்பாங்கள். பிறகு மகளின்ரை பேருக்கு மாத்துவினம். சம்மந்தி எல்லாருக்கும் முன்னாலை சொன்னவர்."

"எழுதி வாங்குங்கோ, அக்கா" என்றார். நான் அக்கா என்று அழைத்தவர், தன்னைவிட இளையவரான அந்தப் பெண்ணை அக்கா என்று கூப்பிட்டுக் கெஞ்சினார். "இண்டைக்கே போய் எழுதி வாங்குங்கோ."

அந்தப் பெண் சிரித்தார். "சொந்தத்துக்குள்ளை என்ன எழுத்து? மரியாதையில்லை."

வீட்டை அவர்களே வாங்கினார்கள். அக்கா இப்போது தோர்ன்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். மகள் படிக்கப் போய்விட்டாள். நான் போகும்போதெல்லாம் அவர் தன்னுடைய பங்கைப் பற்றியோ முன்னாள் கணவரைப் பற்றியோ கதைப்பதில்லை. வீடு வாங்கினவர்கள் அந்தக் கலியாணப் பிள்ளையின் பேருக்கு மாற்றிவிட்டார்களா என்றுதான் கேட்பார். எனக்குத் தெரியாது என்பேன். ஒருக்கால் போய் விசாரித்துக்கொண்டு வா என்பார்.